வளையம் எறியும் தூரம்

"பிசினஸெல்லாம் ரத்தத்துல இருக்கணும் சார். செட்டியார் வீட்டுப் பிள்ளை தவழும்போதே வட்டிக் கணக்குப் போடும். நமக்கு மாசம் ஒண்ணாந்தேதிதான் குலதெய்வம்!"

காலை ரயில் விழுப்புரத்தில் கிளம்பி முண்டியம்பாக்கம் சேருவதற்குள் இந்தத் தீர்ப்பு வாசிக்கப்பட்டுவிடும். வாசிப்பவர், ரிட்டயராக இன்னும் இரண்டு வருஷமே பாக்கியிருக்கும் ஒரு சூப்பரின்டென்டென்ட். விக்கிரவாண்டியில் பெட்டி முழுக்க அதை ஆமோதிக்கும். பேரணியில் சாட்சிகள் ஆஜராவார்கள்: கடை வைத்துக் கவிழ்ந்த மைத்துனர், கோழிப் பண்ணையில் பணம் போட்ட சித்தப்பா, ஈமு கோழியை நினைத்தாலே இன்றைக்கும் கண் கலங்கும் ஒரு பெரியவர். மயிலம் தாண்டியதும் கேஸ் முடிந்து, திண்டிவனத்தில் எல்லோரும் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு இறங்கி, பாதுகாப்பாக ஃபைலுக்குள் புகுந்துகொள்வோம். அடியேனும்தான்.

இந்த 'ரத்தம்' விஷயத்தைப் பரிசோதித்துப் பார்த்துவிடலாம் என்று ஒருவர் ஹார்வர்டிலிருந்து கிளம்பி வந்தார். டேவிட் மெக்லெலண்ட் என்ற மனோதத்துவப் பேராசிரியர். ஆந்திராவில் காக்கிநாடாவைத் தேர்ந்தெடுத்தார். நம் பக்கத்து வேலூரையும் சேர்த்துக்கொண்டார். வருஷம் 1964.

அவருடைய பிரபலமான கருவி என்ன தெரியுமோ? எக்ஸ்ரே அல்ல, ரத்தப் பரிசோதனை அல்ல. வளையம்! மயிலம் பங்குனி உத்திரத்தில் பார்த்திருப்பீர்கள். சோப்பு, சீப்பு, பவுடர் டப்பா எல்லாம் பரப்பிவைத்து, பிரம்பு வளையத்தைக் கையில் கொடுத்து எறியச் சொல்வார்களே, கிட்டத்தட்ட அதே ஆட்டம். நடுவில் ஒரு குச்சி. ஒரே வித்தியாசம், கோடு கிடையாது. எங்கிருந்து வேண்டுமானாலும் நின்று எறியலாம்.

அங்கேதான் சூட்சுமம். சிலர் குச்சிக்குப் பக்கத்திலேயே போய் நின்று, மாலை போடுவதுபோல வளையத்தை மாட்டிவிட்டு வருவார்கள். தோற்க வழியில்லை. ஜெயித்தேன் என்று வீட்டில் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. சிலர் கண்ணுக்கெட்டாத தூரத்துக்குப் போய்க் கடவுளை வேண்டிக்கொண்டு வீசுவார்கள். விழுந்தால் வீரன், விழாவிட்டால் 'நேரம் சரியில்லை.' மூன்றாவது ஜாதி ஒன்று உண்டு (ஜாதி என்றதும் நிமிர்ந்து உட்காராதீர்கள், நான் சொல்வது வேறு). இவர்கள் நடுவாந்தரமாக நிற்பார்கள். ஒன்று எறிவார்கள். தவறும். அரையடி முன்னால் வருவார்கள். விழுந்ததா, ஓரடி பின்னால் போவார்கள். 'கஷ்டம்தான், ஆனால் முயன்றால் முடியும்' என்ற இடம் எது என்று காலால் அளந்துகொண்டே இருப்பார்கள். தொழில் நடத்துகிறவனின் மனசு இங்கே இருக்கிறது என்றார் மெக்லெலண்ட்.

நம் ரயில் பெட்டியில், தொழிலதிபர் என்றால் ரிஸ்க்கைக் கண்டு அஞ்சாத ரஜினி மாதிரி ஒருவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் கண்ணை மூடிக்கொண்டு குதிக்கிறவர் பெரும்பாலும் சீட்டாட்டக்காரர்தான்.

காக்கிநாடா, வேலூர் வியாபாரிகளை ஹைதராபாத்திலிருந்த சிறுதொழில் பயிற்சி நிறுவனத்துக்கு அழைத்துப்போய், பத்து நாள் வகுப்பு எடுத்தார்கள். பணம் கொடுக்கவில்லை, லைசென்ஸ் வாங்கித் தரவில்லை. இலக்கு வைப்பது, தூரத்தை அளப்பது, தன் வேலையைத் தானே எடைபோடுவது, அவ்வளவுதான். இரண்டு வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தால், வகுப்புக்கு வந்தவர்களில் சுமார் பாதிப் பேர் புதிதாக ஏதாவது ஆரம்பித்திருந்தார்கள், அல்லது இருப்பதைப் பெரிசாக்கியிருந்தார்கள். வராதவர்களில் அப்படிச் செய்தவர்கள் நாலில் ஒரு பங்குதான். 1969-ல் புத்தகமாகவே போட்டுவிட்டார்கள். அதில் இன்னொரு சமாசாரம்: பழைய நம்பிக்கைகளும் சம்பிரதாயங்களும் பெரிய முட்டுக்கட்டையாக இல்லை. நெற்றி நிறைய விபூதி வைத்தவரும் முன்னேறினார், டை கட்டியவரும் முன்னேறினார்.

சூப்பரின்டென்டென்டிடம் இதைச் சொன்னேன். "அமெரிக்காக்காரன் சொன்னா சரியாயிடுமா?" என்றார். ஒருவிதத்தில் நியாயமான கேள்விதான். வளையம் எறிய மனசு இருந்தால் மட்டும் போதாது, முதலில் கையில் வளையம் வேண்டும். மாமனாரிடம் கைமாற்று வாங்க முடிகிறவனும், பேங்க் வாசலில் செக்யூரிட்டியைத் தாண்ட முடியாதவனும் ஒரே தூரத்திலிருந்தா எறிகிறார்கள்? இந்த ஒரு விஷயத்தில் பேராசிரியருக்கு நான் முழு மார்க் போடமாட்டேன்.

எண்பதுகளில் இதே ஆராய்ச்சியை இன்னும் விரிவாக இந்தியா, மலாவி, ஈக்வடார் ஆகிய மூன்று நாடுகளில் அமெரிக்க அரசாங்கத்தின் உதவிப் பணத்தில் செய்தார்கள். நன்றாகத் தொழில் நடத்துகிறவர், ஏதோ நடத்துகிறவர் இரண்டு தரப்பையும் உட்கார்த்தி வைத்துக் கேட்டு, என்னதான் வித்தியாசம் என்று பத்துத் திறமைகளைப் பட்டியல் போட்டார்கள். பத்தையும் சொல்லி உங்கள் சாயங்காலத்தைக் கெடுக்கமாட்டேன். வாய்ப்பைத் தேடுவது, விடாப்பிடி, சொன்ன சொல்லைக் காப்பாற்றுவது, நாலு பேரிடம் போய்த் தகவல் கேட்பது, இத்யாதி. பட்டியலில் அதிர்ஷ்டம் இல்லை, ஜாதகம் இல்லை, ரத்தமும் இல்லை. எல்லாமே பழக்கங்கள். இன்றைக்கும் தொழில்முனைவோர் பயிற்சி வகுப்புகளில் சுற்றி வருவது பெரும்பாலும் இந்தப் பத்துதான்.

இப்போது எங்கள் பெட்டியின் ஜன்னலோர இளைஞனுக்கு வருவோம். விக்கிரவாண்டியில் ஏறுவான். என்னை 'அண்ணே' என்பான். வயசு முப்பதை நெருங்குகிறது. டிப்ளமா படித்துவிட்டு, திண்டிவனத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறான். மடியில் எப்போதும் ஒரு குரூப் ஃபோர் கைடு. அட்டை கிழிந்து, ஓரமெல்லாம் சுருண்டு, கோயில் பிரசாதப் பொட்டலம் மாதிரி இருக்கும்.

2022-ல் குரூப் ஃபோருக்கு முதலில் அறிவித்த இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம். ஒரு நாற்காலிக்கு முந்நூறு பேர்! நம் ஜன்னலோரம் அந்த 22 லட்சத்தில் ஒருவன். மெக்லெலண்டின் கணக்கில் இது கண்ணுக்கெட்டாத தூரத்திலிருந்து வளையம் வீசுவது. ஆனால் நம் ஊரில் இதற்குப் பெயர் 'செக்யூரிட்டி'; ஒரு பெட்டிக்கடை வைத்தால்தான் அது 'ரிஸ்க்'. விழுப்புரம் ஜங்ஷனிலிருந்து ஐந்து திக்குக்கும் ரயில் போகிறது. ஐந்திலும் ஏறாமல் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து வயசாகிவிடவும் வசதி இருக்கிறது.

பையனுக்கு ஒரு யோசனை இருந்தது. எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். அது எங்களுக்கு வெறும் கொறிக்கிற சமாசாரமல்ல. வெளிமாநில விவசாயிகூட டி.எம்.வி.-2 என்று ஒரு கடலை ரகத்தைச் சொல்வாரே, அந்த டி.எம்.வி. என்பது திண்டிவனம்தான்! இங்கே இருக்கிற எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த ரகங்களுக்கெல்லாம் ஊர்ப் பெயரே இனிஷியல்.

விதைக்கு வைக்கிற மல்லாட்டையைக் கையால்தான் உரிப்பார்கள். பருப்பு உடையக்கூடாது, மேல் தோல் உரியக்கூடாது, உடைந்தால் முளைக்காது. அதற்கு ஆள் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. பருப்பை அதிகம் உடைக்காத கையால் சுற்றும் உரிப்பு மிஷின் ஒன்றை ஒரு செகண்ட் ஹேண்ட் பைக் விலைக்குள் வாங்கி, நாலு கிராமத்துக்கு வாடகைக்கு விடுவது என்பது திட்டம். முன்னால் அவன் யோசித்தது, மாமா ஒருத்தரோடு கூட்டுச் சேர்ந்து நிலத்தை அடமானம் வைத்து எண்ணெய் மில். அதற்கும் முன்னால், மொபைல் ரீசார்ஜ் கடை. கவனியுங்கள். குச்சிக்குப் பக்கத்தில் ஒரு தடவை, எட்டாத தூரத்தில் ஒரு தடவை நின்று பார்த்துவிட்டு, இப்போது நடுவாந்தரத்துக்கு வந்திருக்கிறான். மெக்லெலண்ட் என்ற பெயரைக் கேள்விப்படாமலே!

திண்டிவனம் ஸ்டேஷன் வாசலில் மல்லாட்டை விற்கும் அக்காவிடம் நாங்கள் இருவரும் பழைய வாடிக்கை. மழை வாடை அடித்தால் அவித்தது, வெயிலென்றால் வறுத்தது. காலை ரயிலுக்குச் சின்னப் பொட்டலம் (ஆபீஸ் போகிறவன் காசை எண்ணுவான்), மாலை ரயிலுக்குப் பெரிசு (வீட்டில் குழந்தை இருக்கும்). எந்த வண்டி எத்தனை நிமிஷம் லேட் என்பது ஸ்டேஷன் மாஸ்டருக்கு அடுத்தபடி அவருக்குத்தான் தெரியும். அந்தப் பத்துத் திறமைகளில் எட்டையாவது இவரிடம் நானே டிக் அடிப்பேன். ஆனால் எந்தப் பயிற்சிக்கும் இவரை யாரும் அழைத்ததில்லை.

அவரிடம் பையன் தன் மிஷின் திட்டத்தைப் பெருமையாகச் சொன்னான். அக்கா பொட்டலம் மடிப்பதை நிறுத்தவில்லை.

"நல்லாத்தான் கீது தம்பி. எங்க ஆத்தா ஊர்ல உக்காந்து வெதைக்கு மல்லாட்டை உரிக்குது. படிக்கு இவ்ளோன்னு கூலி. ஒன் மிஷினு வந்தா அது இன்னா பண்ணும்?"

பையனுக்குப் பேச்சு வரவில்லை. எனக்கும்தான். அவன் ஆராய்ச்சியில் ஆள் கிடைக்காத விவசாயி இருந்தார், மிஷின் விற்கிற கடைக்காரர் இருந்தார், வாடகைக் கணக்கு இருந்தது. சாயங்காலம் வரை உட்கார்ந்து உரித்தும் விரல் நுனி தேய்ந்ததுதான் மிச்சம் என்றிருக்கிற அந்த ஆத்தா இல்லை.

சமூகத் தொழில்முனைவு என்று இன்றைக்கு ஒரு பெரிய வார்த்தை புழங்குகிறது. கேட்டவுடன் நமக்குக் கதர் ஜிப்பா, தாடி, தோளில் ஜோல்னாப் பை ஞாபகத்துக்கு வரும். லாபம் என்றால் முகம் சுளிக்கிற யாரோ ஒருவர் என்று நினைப்போம். என்னைக் கேட்டால், அந்த அக்காவின் கேள்வியைத் தொழில் ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே கேட்டுக்கொண்டு, பதிலையும் கணக்குப் புத்தகத்துக்குள் கொண்டுவருகிறவர்தான் அது. திறமைகள் அதே பத்துதான். கணக்கில் யார் யாரைச் சேர்ப்பது என்பதுதான் மாறுகிறது.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்குக் கண்ணில் புரை என்றால் பாண்டிச்சேரி பஸ் ஏறித் தவளக்குப்பம் போவார்கள். 2003-ல் அங்கே வந்தது அரவிந்த் கண் மருத்துவமனை. அதன் மூலவர் மதுரையில். டாக்டர் வெங்கடசாமி அரசாங்க வேலையில் 58 வயசில் ரிட்டயரானபோது (நம் சூப்பரின்டென்டென்ட் கவனிக்க!), 1976-ல், 11 படுக்கையோடு ஆரம்பித்தார். முடக்குவாதத்தில் கோணிப்போன விரல்கள். அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி, லட்சம் கண்களுக்கு மேல் ஆபரேஷன் செய்தவர். ஹாம்பர்கர் கடைக்காரன் ஊருக்கு ஊர் ஒரே தரத்தில், மலிவாக, ஆயிரக்கணக்கில் தருகிறான், கண் ஆபரேஷனை ஏன் அப்படித் தரக்கூடாது என்று கேட்டார். வசதியுள்ளவர் கட்டுகிற பணத்தில் வசதியில்லாதவருக்கும் ஆபரேஷன். வெளிநாட்டு லென்ஸ் நூறு டாலருக்கு மேல் விற்றபோது, 1992-ல் மதுரையிலேயே ஆரோலேப் என்று தொழிற்சாலை போட்டு, பத்து டாலருக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். 2006-ல் அவர் காலமானார். வளையம் இன்னும் விழுந்துகொண்டிருக்கிறது. இதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் வேகமாகத் தாண்டுகிறேன். பையனின் சிக்கலுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம், பாம்பு.

திண்டிவனம் வட்டாரத்திலும் செங்கல்பட்டுப் பக்கத்திலும் இருளர்கள் இருக்கிறார்கள். வரப்பில் ஒரு சின்னத் தடம், பொந்து வாயில் லேசான மினுமினுப்பு, அவ்வளவு போதும், உள்ளே இருப்பது நல்ல பாம்பா சாரையா என்று சொல்லிவிடுவார்கள். ஒரு காலத்தில் பாம்பைப் பிடித்துத் தோல் வியாபாரிக்கு விற்றுப் பிழைத்தார்கள். தோல் வெளிநாட்டில் கைப்பையும் செருப்புமாகும். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தொடர்ந்து பாம்புத் தோல் ஏற்றுமதிக்கும் தடை. சட்டம் நல்ல சட்டம்தான். பாம்பு பிழைத்தது, இருளர் வீட்டில் அடுப்பு அணைந்தது. அக்காவின் கேள்வியை டெல்லியில் யாரும் கேட்கவில்லை.

பாம்பு ஆராய்ச்சியாளர் ராமுலஸ் விட்டேக்கர் அவர்களோடு காட்டில் திரிந்து பழகியவர். அவரும் இருளர்களும் சேர்ந்து பிடித்த சங்கதி எளிமையானது: தோலுக்குத்தானே தடை? விஷத்துக்கு இல்லையே! பாம்புக்கடி மருந்து தயாரிக்கிற கம்பெனிகளுக்கு விஷம் வேண்டும். அதற்குப் பாம்பைக் கொல்லத் தேவையில்லை. 1978-ல், மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலியில், இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என நாலு வகை. பிடித்து வந்த பாம்பை மண்பானையில் விட்டு, வாயைத் துணியால் கட்டி (பானையின் வாயைத்தான்!), மூன்று நாலு வாரம் வைத்திருந்து, வாரத்துக்கு ஒரு தரம் விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள்.

இந்தியாவில் பாம்புக்கடியால் சாகிறவர்கள், 2000-லிருந்து 2019 வரை பார்த்த ஒரு பெரிய ஆய்வின்படி, வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர். பெரும்பாலும் கிராமத்து ஜனங்கள். மல்லாட்டைக் காட்டில் களை பறிக்கிறவர்கள், ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்கள். இந்த நாட்டுப் பாம்புக்கடி மருந்துக்குப் பெருமளவு விஷம் போனது அந்த மண்பானைகளிலிருந்துதான். 2017-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் மலைப்பாம்புத் தொல்லை தாங்காமல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை விமானத்தில் அழைத்துப் போனார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ.

எல்லாம் சுபம் என்று சொல்லமாட்டேன். வருஷத்துக்கு எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்று அரசாங்கம் அனுமதி கொடுக்கவேண்டும். அந்தக் காகிதம் வராமல் பானையும் நிறையாது, பையும் நிறையாது. ஆனாலும் ஒரு விஷயத்தைப் பாருங்கள். தடையால் வேலை இழந்தவர்களே சங்கத்துக்குச் சொந்தக்காரர்கள். அவர்களுக்குப் பதில் யாராவது ஒரு புத்திசாலி, கம்பெனி ஆரம்பித்து இருளர்களைத் தினக்கூலிக்கு வைத்திருக்கலாம். அதுவும் தொழில்தான், திறமைகளும் அதே பத்துதான்.

இதைப் பையனிடம் சொன்னபோது அவன் மனசு எங்கே ஓடியது என்று எனக்குத் தெரிந்தது. மிஷினை யார் பெயரில் வாங்குவது? அக்காவின் ஆத்தாளும் அவள் கூட உரிக்கிறவர்களும் குழுவாக இருக்கிறார்களே. அதொன்றும் எங்களுக்குப் புதுசில்லை. 1989-ல் தர்மபுரியில் அரசாங்கம் ஆரம்பித்த மகளிர் குழுக்கள், கொஞ்ச நாளிலேயே எங்கள் பழைய தென்னாற்காடு மாவட்டத்துக்கு வந்துவிட்டன. 1993-ல் விழுப்புரம் தனி மாவட்டமாவதற்கு முன்னாலேயே இங்கே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். கடனைத் திருப்பிக் கட்டுவதில் என் ஆபீஸ் சொசைட்டியைவிட அவர்கள் கெட்டி. மிஷின் அவர்களுடையதாக இருந்து, பையன் ரிப்பேருக்கும் ஊர் ஊராக ஆர்டர் பிடிப்பதற்கும் கமிஷன் வாங்கினால்?

"அப்படின்னா லாபம் பாதியாயிடுமே அண்ணே" என்றான்.

"ஆகும்" என்றேன். பொய் சொல்லி என்ன லாபம்?

அடுத்து வந்த ஒரு லீவு நாளில் இருவரும் மரக்காணம் பஸ் பிடித்து, உப்பளங்களைத் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்னொரு பஸ் மாறி, வடநெம்மேலி போய்ச் சேர்ந்தோம். விஷம் எடுப்பதைப் பார்த்துவிட்டு எல்லோரும் "அம்மாடி!" என்று பின்னால் போனார்கள். இவன் மட்டும் முன்னால் போனான். பாம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு பாம்புக்கு எவ்வளவு கிடைக்கும், பணம் அன்றைக்கே கையிலா மாசக் கடைசியிலா, பாம்பு கிடைக்காத மாசத்தில் குடும்பம் எப்படி ஓடும், எடை போடுவது யார், நோட்டு யார் கையில்... விட்டால் ஆடிட் ரிப்போர்ட்டே கேட்டிருப்பான். காட்டில் விடும் பாம்பின் வயிற்றுச் செதிலில் சின்னதாக வெட்டி அடையாளம் போடுவார்களாம், அதே பாம்பு மறுபடி சீக்கிரம் மாட்டினால் தெரிவதற்காக. அதை மட்டும் இரண்டு தரம் கேட்டுக்கொண்டான்.

திரும்பும் பஸ்ஸில் குரூப் ஃபோர் கைடின் பின்னட்டையில் கட்டம் போட்டான். மிஷின் விலை, ரிப்பேர், நாலு ஊர், ஒரு சீசன். 'ஆத்தா ஒரு நாளைக்கு உரிக்கும் படி' என்று ஒரு கட்டம், 'மிஷின் வந்த பிறகு ஆத்தா கைக்கு வரவேண்டியது' என்று அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. இரண்டும் காலியாக இருந்தன. குத்துமதிப்பாக ஏதாவது போடேன் என்றேன். மாட்டேன் என்றுவிட்டான். திங்கட்கிழமை அக்காவிடம் ஊரைக் கேட்டுக்கொண்டு, நேரிலேயே போய்ப் படியைக் கையில் வைத்து அளந்து பார்க்கவேண்டுமாம்.